கடிக்கிற கிற்றார்

பாவம் பார்க்கிற மனம் உள்ளவர்கள் இந்தக் கிழமை இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போங்கள். மஸீனா இன்றைக்கு ஒருவருக்கும் பாவம் பார்க்கப் போவதில்லை.

ஐந்து நாட்களாக அவளுடைய கணவர் லாபிர் வாயில் ஒரு கவளம் வைக்கவில்லை. வயிற்றுக் குத்தோ காய்ச்சலோ கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை முல்லைத்தீவில் பஸ் ஏறி, மாங்குளத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து மல்லாவிக்குப் போய், தன் பழைய கூட்டாளி குகதாசனின் வாசற் படலையில் நின்றார் மனிதர். குகதாசன் அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஆர் நீங்கள்? உங்களை எனக்குத் தெரியாதே" என்றார். தனியாக வைத்துச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. கனடாவிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் ஏழெட்டுப் பேர் விறாந்தைக் கதிரைகளில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சொன்னார்.

தெரியாதாம்! ஏழு வருடங்கள் ஒரே இசைக்குழு. நீலக்கரை இசைக்குழு என்றால் எண்பதுகளில் முல்லைத்தீவிலிருந்து ஆனையிறவு வரைக்கும் தெரியாத ஆளில்லை. லாபிர் கிற்றார், குகதாசன் தாளம். எண்பத்துநாலாம் ஆண்டு லாபிர் கொழும்புக்குப் போய், ஜப்பான்காரன் செய்த சிவப்பு எலெக்ட்ரிக் கிற்றார் ஒன்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கிய அன்று, பஸ் நிலையத்தில் கூட்டம் கூடியது. பக்கத்தில் நின்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் இதே குகதாசன்தான்.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம் சனங்களை ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னபோது, மஸீனா தையல் மெசினைத் தூக்கவா, அரிசிப் பானையைத் தூக்கவா என்று அல்லாடிக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் கிற்றாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு குகதாசன் வீட்டுக்கு ஓடினார். "பத்திரமா வைச்சிரு, ஒரு மாசத்தில வந்து எடுக்கிறன்" என்று கொடுத்துவிட்டு வந்தார். தையல் மெசின் போனது. பானை மிஞ்சியது. ஒரு மாதம் பதின்மூன்று வருடமாகி, புத்தளத்தில் உப்பள வேலை செய்து தேய்ந்த கைகளோடு இந்த மாசியில்தான் ஊர் திரும்பினார்கள்.

இவ்வளவும் போதும். இனி வெள்ளிக்கிழமைக் காலைக்கு வருவோம்.

*

"நான் தம்பி நவ்பரோட மல்லாவிக்குப் போறன்" என்றாள் மஸீனா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு.

லாபிர் தகரச் சுவரைப் பார்த்தபடி பாயில் கிடந்தார். மெதுவாகத் திரும்பினார்.

"எதுக்கு?"

"கலியாணத்துக்கு. உங்கட கூட்டாளிட மகளுக்கு இண்டைக்குக் கலியாணம்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"லைட்டுக் கட்டுற மல்லாவி இளையதம்பியர்ட ஜெனரேற்றர் பழுதாப் போச்சாம். அவர் அந்த வேலையை எங்கட நவ்பருக்குத் தந்திருக்கார். லைட்டு, ஸ்பீக்கர் எல்லாம் இவன்தான் கட்டப் போறான். அல்லாவாப் பார்த்துத் தந்த வேலை."

லாபிர் எழுந்து உட்கார்ந்தார். ஐந்து நாளில் கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"வேணாம் மஸீனா. அவன் மறந்திருப்பான். எத்தினை வரியம்."

"மறந்தவன் கண்ணைப் பார்த்துச் சொல்லுவான். அவர் உங்கட கண்ணைப் பார்க்கேல்ல எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

லாபிர் மறுபடியும் தகரச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாருங்க, அந்தக் கிற்றார்க் கட்டை போனாப் போகட்டும். உண்மையைச் சொன்னா, எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆனா உங்களைத் தெரியாது எண்டு சொன்ன அதே வாயால, அதே ஆக்களுக்கு முன்னால, லாபிர் ஆரெண்டு அவர் சொல்லோணும். சொல்ல வைக்காம நான் வரமாட்டன்."

"நீ அங்க போய் என்ன செய்வாய்?"

"அதெல்லாம் போற வழியில யோசிப்பன்" என்று செருப்பை மாட்டினாள். "கஞ்சி மூடி வைச்சிருக்கு. குடிச்சா குடிங்க, விட்டா விடுங்க."

கோபத்தில் சொன்னாளே தவிர, வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து கஞ்சிக் கோப்பையை அவருடைய கைக்கு எட்டும் இடத்தில் தள்ளி வைத்துவிட்டுத்தான் போனாள்.

*

நவ்பர் அவளுடைய ஒரே தம்பி. வயது முப்பது, மனசு பயந்த மனசு. பழைய வான் ஒன்றும், அதைவிடப் பழைய ஜெனரேற்றர் ஒன்றும் வைத்துக்கொண்டு கலியாணம், கோயில் திருவிழா, வாசிகசாலைத் திறப்பு என்று ஓடித் திரிகிறவன்.

"ராத்தா, இப்பவே சொல்லிட்டன். கலியாண வீடு. ஒரு சோலியும் வேணாம்" என்றான், ஒட்டுசுட்டான் தாண்டியதும்.

"நான் என்னடா செய்யப் போறன்? வயர் சுத்தித் தர வாறன்."

"உங்களை எனக்குத் தெரியாதா? புத்தளத்தில அந்த ரேசன் கடைக்காரனை..."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

மேட்டிலும் பள்ளத்திலும் வான் துள்ளியது. பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டின. மஸீனா வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. மைக்கைப் பறித்து நாலு கேள்வி கேட்பதா? மாப்பிள்ளையின் தாயைப் பிடித்துச் சொல்வதா? தாலி கட்டுகிற நேரத்தில் எழுந்து நிற்பதா? ஒன்றும் அவளுக்குப் போதவில்லை. கத்தினால் விசர் பிடித்தவள் என்பார்கள். அழுதால் காசுக்கு வந்தவள் என்பார்கள். குகதாசன் தானாக நடுங்க வேண்டும். அதற்கு வழி என்ன?

வழியைக் குகதாசனே காட்டிக்கொடுப்பார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

*

கலியாண வீட்டில் வாழை கட்டி, பந்தல் போட்டு, முற்றத்துப் புழுதி அடங்க வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். உள்ளே ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு இன்னிசை. பந்தலின் ஒரு மூலையில் பாயை விரித்து அதுதான் மேடை என்று காட்டினார்கள்.

நவ்பர் கிணற்றடிக்குப் பக்கத்தில், ஈரமான இடம் பார்த்து, முழங்கை நீளத்துக்கு மேல் இருந்த இரும்புக் கம்பி ஒன்றைச் சுத்தியலால் மண்ணுக்குள் இறக்கினான். அதன் தலையில் பச்சை வயர் ஒன்றைச் சுற்றி நட்டைப் போட்டு முறுக்கினான். வயரின் மறு நுனி ஜெனரேற்றருக்கும் அம்பிளிபயருக்கும் போனது.

"இது எதுக்கு?" என்றாள் மஸீனா.

"எர்த் கம்பி ராத்தா. கசிகிற கரண்ட் எல்லாம் இதால மண்ணுக்குள்ள போயிடும். இது இல்லாட்டி அந்தக் கசிவு கிற்றார்க் கம்பிக்கு வரும். கம்பியையும் பிடிச்சு, மைக்கிலயும் வாயை வைச்சா ஆள் விழுந்துடும்."

மஸீனாவின் கை வயர் சுருளோடு அப்படியே நின்றது.

அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் கச்சேரி முடிந்து வருகிற லாபிரின் உதடு சில நாட்களில் சிவந்திருக்கும். என்ன என்று கேட்டால், "கிற்றார் கடிச்சிட்டுது" என்று சிரிப்பார். அதற்குப் பிறகுதான் மைக்கில் கைலேஞ்சித் துணி சுற்றிப் பாடத் தொடங்கினார். முல்லைத்தீவுக் குமர்ப் பிள்ளைகளும் இசைக்குழுக் கூட்டாளிகளும் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள். மஸீனாவும் கொஞ்சக் காலம் அப்படித்தான் நினைத்தாள்.

"செத்துப் போவாங்களா?" என்று கேட்டாள்.

"ஆரு?"

"சும்மா கேக்கிறன்."

"போன மாசம் அக்கராயன்ல ஒரு பாட்டுக்காரனைத் தூக்கி எறிஞ்சுது. பல்லு ரெண்டு போச்சு. உயிர் போகேல்ல."

"பல்லு ரெண்டோ" என்றாள் மஸீனா. அவளுடைய முகத்தில் ஐந்து நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. நவ்பர் அதைக் கவனித்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

அந்த நேரம் பார்த்துக் குகதாசன் வந்தார். பட்டு வேட்டி, தோளில் சால்வை, நெற்றி நிறையச் சந்தனம். கையில் அந்தக் கிற்றார். சிவப்பு அங்கங்கே உரிந்து கட்டை தெரிந்தது. அடையாளம் பிடிக்க மஸீனாவுக்கு இரண்டாவது பார்வை தேவைப்படவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு வயர் சுற்றக் குனிந்தாள். அவரோ அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. வயர் சுற்றுகிற பொம்பிளையை ஆர் பார்க்கிறார்கள்?

"தம்பி, இதை உங்கட பெட்டியில கொழுவலாம்தானே?" என்று நவ்பரிடம் கேட்டார். "எனக்கு இந்தக் கரண்ட் விசயம் ஒண்டும் விளங்காது. பதின்மூண்டு வரியமா உழவு மெசின் பற்றறியிலதான் வாசிச்சனான். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில கம்பிக்குக்கூட வழியில்லை. சைக்கிள் பிறேக் கேபிளை உரிச்சு, அதில ஒவ்வொரு இழையா எடுத்துக் கட்டி வாசிச்சனான், தெரியுமோ?"

"பெரிய வேலைதான் ஐயா" என்றான் நவ்பர்.

"இண்டைக்குத்தான் முதன்முதலா ஜெனரேற்றரில. சும்மா அதிரும் என்ன?"

"அதிரும் அதிரும்" என்று மஸீனா தரையைப் பார்த்துச் சொன்னாள்.

பற்றறி கடிக்காது. கரண்ட் இல்லாத வன்னியில் பதின்மூன்று வருடங்கள் அந்தக் கிற்றார் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அதற்குப் பல் இருக்கிற விசயம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் முல்லைத்தீவில் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். மற்றவள் இங்கே வயர் சுற்றிக்கொண்டு இருக்கிறாள்.

*

தாலி கட்டி முடிந்தது. பந்தி போட்டார்கள். நவ்பர் சாப்பிடப் போனான். மஸீனா ஜெனரேற்றருக்குப் பக்கத்தில், மரப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். ஸ்பானர் அவளுடைய மடியில் இருந்தது.

"தேத்தண்ணி குடியுங்கோ" என்று ஒரு குரல்.

நிமிர்ந்தாள். குகதாசனின் மனைவி சிவனேஸ்வரி. கூறையைப் போல ஒரு சிவப்புச் சேலை, கழுத்து நிறைய நகை. ஆள் கொஞ்சம் கனத்திருந்தாள். கண்கள் மட்டும் பழைய கண்கள்.

கோப்பை நீட்டிய கை பாதியில் நின்றது.

"மஸீனாவோ?"

"ஓம் சிவனேஸ் அக்கா. மஸீனாதான். உங்களுக்கு என்னைத் தெரியுதே? உங்கட மனிசனுக்குத்தான் எங்கட ஆக்களைத் தெரியாதாம்."

சிவனேஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்தாள். தேத்தண்ணி சாசருக்குள் சிந்தியது.

"ஐயோ பிள்ளை, மெல்லக் கதை. மாப்பிள்ளை வீட்டாக்கள் நிக்கினம்."

"அவையளுக்குக் கேக்கத்தானே வந்தனான்."

"இண்டைக்கு ஒருநாள் விடு மஸீனா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறன். நாளைக்கு நானே அவரைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுக்கு வாறன்."

"போன ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வீட்டிலதானே இருந்தீங்க? என்ட மனிசன் படலையில நிண்டு பேரைச் சொல்லிச் சொல்லி நிக்கேக்க, குசினிக்குள்ள என்ன செஞ்சனீங்க?"

சிவனேஸ்வரியின் கண்கள் நிறைந்துவிட்டன. மஸீனாவுக்கு மனம் கொஞ்சமும் இளகவில்லை. முந்தி ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் வட்டிலாப்பம் செய்து இந்தச் சிவனேஸ் அக்காவுக்குத்தான் முதல் கிண்ணம் கொடுத்து அனுப்பினவள் அவள். அந்தக் கிண்ணங்களை நினைக்க இன்னும் கூடப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ நினைக்கிற மாதிரி இல்லை. அவர் கிற்றாருக்காகத் தெரியாது எண்டு சொல்லேல்லை."

"பிறகு எதுக்காக?"

"அது..." சிவனேஸ்வரி உதட்டைக் கடித்தாள். "பயத்தில சொன்னவர் மஸீனா. லாபிரண்ணையைக் கண்டதும் பயந்து போனார்."

"ஏன் பயம்? என்ட மனிசன் எறும்பையும் மிதிக்காத ஆள். அவருக்கு என்னத்துக்குப் பயப்படோணும்?"

உள்ளேயிருந்து யாரோ, "சிவனேசு, ஆலாத்தித் தட்டு எங்க?" என்று கூப்பிட்டார்கள். சிவனேஸ்வரி கோப்பையை மரப்பெட்டியில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அரைவாசியில் விட்டுப் போன அந்தக் கதையை இன்னொரு நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று மஸீனா நினைத்தாளா? இல்லை. பயமாம் பயம் என்று பல்லைக் கடித்தாள்.

தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்தாள். கிணற்றடிக்குப் போனாள். கம்பியின் தலையில் இருந்த நட்டில் ஸ்பானரை வைத்து இடப்பக்கம் திருப்பினாள். மூன்று சுற்றில் கழன்றது. பச்சை வயரைப் பிரித்து எடுத்து, நுனியைக் கம்பியில் படாமல் காய்ந்த பக்கம் மடித்து, பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் மண்ணைத் தட்டி மூடினாள்.

ஒரு தடவை நின்று யோசிக்கவும் இல்லை. அதை நான் உங்களுக்கு மறைக்கப் போவதில்லை.

*

மூன்று மணிக்கு இன்னிசை தொடங்கியது. முந்நூறு பேர் இருக்கும். கனடாச் சம்பந்திமார் முன்வரிசையில் விசிறிக் காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். மஸீனா அம்பிளிபயருக்குப் பக்கத்தில், நவ்பருக்கு உதவி செய்கிறவளைப் போல நின்றாள்.

குகதாசன் முதலில் மைக்கைப் பிடித்தார். கிற்றார் இன்னும் கதிரையில் சாத்தியிருந்தது.

"இந்தக் கிற்றார் எண்பத்துநாலாம் ஆண்டு கிற்றார்" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அந்தக் காலத்தில வன்னியில இப்பிடி ஒண்டு வேற ஆரிட்டையும் இல்லை. ஆசைப்பட்டுக் கொழும்புக்குப் போய் வாங்கி வந்தது. நாலஞ்சு இடப்பெயர்விலயும் எங்கட பிள்ளையைப் போல நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடினனாங்கள்."

ஆர் கொழும்புக்குப் போனது, ஆர் ஆசைப்பட்டது என்று சொல்லவில்லை. கேட்கிறவர்கள் அவர்தான் என்று நினைத்துக்கொண்டு கை தட்டினார்கள்.

தட்டுங்க, நல்லாத் தட்டுங்க என்று மஸீனா மனதுக்குள் கறுவினாள்.

குகதாசன் கிற்றாரை மாட்டினார். மைக்கிலிருந்து தள்ளி நின்று ஒரு பாட்டை வாசித்தார். பழைய பாட்டு, நல்ல வாசிப்பு. பந்தலே அதிர்ந்தது. இன்னொன்று வாசித்தார். பாடவில்லை. மைக்குக்குக் கிட்டப் போகவும் இல்லை.

பாடடா பாவி, பாடு.

மூன்றாவது பாட்டுக்கு அவர் கிற்றாரைக் கழற்றினார்.

"இனி இதை வாசிச்சுப் பாடப் போறது நானில்லை. நான் பழக்கின ஆள்" என்று சிரித்தார். "பிள்ளை, வாம்மா."

மணப்பெண் யதுர்ஷிகா எழுந்து வந்தாள். பத்தொன்பது வயது. கூறையை மாற்றி ஊதாச் சேலை கட்டியிருந்தாள். கழுத்தில் மூன்று மணித்தியாலம்கூட ஆகாத தாலி. வெறுங்கால். தண்ணீர் தெளித்த மண்ணில் நடந்து வந்த பாதங்கள் ஈரமாக இருந்தன. பாய்க்கு அடியிலும் ஈரம் ஊறியிருந்தது. கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மருதாணி போட்ட விரல்களால் கம்பிகளை ஒரு தடவை தடவினாள். கூட்டம் ஆரவாரித்தது.

கத்து என்றது மஸீனாவின் மனசு. கத்தவில்லை.

ஒரு நொடி. முழுசாக ஒரு நொடி அவள் நினைத்தாள்: கடிக்கட்டும். அவருடைய பல்லை விட அவருடைய பிள்ளைதான் அவருக்கு நோகும். என் மனிசன் படலையில் நின்ற மாதிரி அவரும் ஒருநாள் கை கால் விழுந்து நிற்கட்டும்.

அந்த நொடிக்குள் யதுர்ஷிகா மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கக் கையை நீட்டிவிட்டாள்.

டப் என்று ஒரு சத்தம். விரல் நுனியில் நீலமாக ஒரு பொறி. "அம்மா!" என்று அலறிக்கொண்டு பெண் பின்னுக்குச் சாய்ந்தாள். கிற்றார் கழுத்தில் தொங்க, பாயில் இருந்துவிட்டாள். மைக் ஸ்டாண்ட் ஆடி ஆடி அவளுடைய முகத்தை நோக்கிச் சரிந்து வந்தது.

"தொடாத புள்ள! தொடாத! அது கடிக்கும்!"

மஸீனா தான் பாய்ந்ததை அறியவில்லை. ஒரு கையால் பெரிய பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். ஸ்பீக்கர் செத்தது, லைட்டுச் செத்தது, சம்பந்திமாரின் விசிறி நின்றது. மைக் ஸ்டாண்ட் பெண்ணின் தோளில் விழுந்து உருண்டது. அப்போது அது வெறும் இரும்பு.

*

பெண்ணுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. விரல் நுனி கறுத்திருந்தது. கை தோள்வரைக்கும் விறைத்திருந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். சிவனேஸ்வரி மகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். மஸீனாவைப் பார்க்கவே இல்லை.

நவ்பர் கிணற்றடிக்கு ஓடிப்போய், மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு வெளிறிப்போய் வந்தான்.

"நான் நல்லா முறுக்கினனான். அல்லாவாணை முறுக்கினனான். ஆரோ கழட்டியிருக்காங்க."

"ஆரோ கழட்டினதாம்! வேலை தெரியாத ஆளைப் பிடிச்சா இப்பிடித்தான்" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து நவ்பரின் சேட்டுக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்தார். "எங்கட மருமகள் செத்திருந்தா என்னடா செய்வாய்? ஓடிப்போய்க் காவல்துறையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இவனை உள்ளுக்குப் போடோணும்."

நவ்பரின் முகத்தைப் பார்த்தாள் மஸீனா. பயந்த மனசுக்காரன். ராத்தா ஒரு சோலியும் வேணாம் என்று காலையிலேயே சொன்னவன்.

"அவனை விடுங்க" என்றாள். "நான்தான் கழட்டினன்."

பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மஸீனா முக்காட்டை முகத்திலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டு குகதாசனுக்கு நேரே வந்து நின்றாள். குகதாசன் இப்போதுதான் அவளைப் பார்த்தார். அவருடைய சந்தனப் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது.

"புள்ளைக்குப் பட்டது என்ட பிழை. அல்லா என்னைக் கேப்பான், நான் பதில் சொல்லிக்கிறன். உங்களுக்கு வைச்சதுதான் அது" என்றாள். "காவல்துறையைக் கூப்பிடுங்க. நான் எங்கயும் ஓடமாட்டன். வந்து முதல்ல என்ன கேப்பாங்க? இந்தப் பொம்பிளைக்கும் உங்களுக்கும் என்ன பகை எண்டு கேப்பாங்க. அப்ப சொல்லுங்க பார்ப்பம்."

மாப்பிள்ளையின் சித்தப்பா குகதாசனைப் பார்த்தார். "ஆர் அண்ணை இவா?"

குகதாசன் சால்வையால் முகத்தைத் துடைத்தார். மஸீனா காத்திருந்தாள். ஐந்து நாளாக அவள் வேண்டி நின்ற நிமிஷம் இதுதான்.

"விடுங்கோ" என்றார் குகதாசன். "காவல்துறை ஒண்டும் வேண்டாம். எனக்குத் தெரியாத மனிசி. மூளை சரியில்லைப் போல. அனுப்பிவிடுங்கோ, போகட்டும்."

அடப் பாவி! மகளைச் சாகக் கொடுக்கப் பார்த்தவளை மன்னித்து அனுப்பவும் இந்த மனிதர் தயார். லாபிர் என்ற பெயரைச் சொல்ல மட்டும் தயாரில்லை. தோற்றுப் போனேன் என்று முதல் தடவையாக நினைத்தாள்.

"அப்பா."

தாயின் மடியிலிருந்து யதுர்ஷிகா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கறுத்த விரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

"இந்தக் கிற்றாரோட நான் சின்னதில இருந்து இருக்கிறன். இது கடிக்கும் எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாத மனிசிக்கு எப்பிடி அப்பா தெரியும்?"

குகதாசன் மகளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

யதுர்ஷிகா தோள் பட்டியைக் கழற்றினாள். எழுந்து, ஒரு கையால் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வந்து மஸீனாவிடம் நீட்டினாள்.

"உங்கடையோ அன்ரி இது?"

மஸீனா அதைத் தொடவில்லை.

"என்ட இல்ல புள்ள. அதின்ட சொந்தக்காரர்ட பேர் உன்ட அப்பாக்குத் தெரியும். இந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு போக நான் வரேல்ல. அவர் அந்தப் பேரைச் சொல்லட்டும்."

முன்வரிசையில் காலியாக இருந்த கதிரை ஒன்றை இழுத்து, குகதாசனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். நவ்பர் "ராத்தா, வாங்க போவம்" என்று கெஞ்சினான். அவள் அசையவில்லை. மாப்பிள்ளையின் தாய் எழுந்து மகனின் பக்கத்தில் போய் நின்றாள். சிவனேஸ்வரி கணவனைப் பார்த்து, வேண்டாம் என்பதைப் போலத் தலையை மெல்ல ஆட்டினாள்.

கரண்ட் இல்லாத பந்தலில் முந்நூறு பேர் வியர்த்துக்கொண்டு குகதாசனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (தொடரும்)